ஓடிப்போன கிடார்காரர்களும் ஓடாத இருவரும்… தெரியுமா?

குழுவைத் தொடங்கியவர் அவர். பாட்டு எழுதியதும், பாடியதும், முன்னால் நின்று கிடார் வாசித்ததும் அவரே. தன் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த இருபது வயதுப் பையன் என்ன செய்தான் தெரியுமா? பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடிப்பவரின் பெயரையும், ஓரமாக நின்று பாஸ் கிடார் வாசிப்பவரின் பெயரில் பாதியையும் ஒட்டிக் குழுவுக்குச் சூட்டிவிட்டான்! மிக் ஃப்ளீட்வுட், ஜான் மெக்வீ. இரண்டும் சேர்ந்து ‘ஃப்ளீட்வுட் மேக்’. இதில் உச்சக்கட்ட வேடிக்கை, அந்த மெக்வீ அப்போது குழுவில் சேரவே இல்லை!

1967 ஜூலை, லண்டன். பையனின் பெயர் பீட்டர் கிரீன். மெக்வீ அப்போது ஜான் மேயாலின் ‘புளூஸ்பிரேக்கர்ஸ்’ குழுவில் இருந்தார். அங்கே சம்பளம் தவறாமல் வந்தது. அதை விட்டுவிட்டு முகவரி இல்லாத புதுக் குழுவுக்கு யார் வருவார்கள்? ஆகஸ்ட் 13 அன்று விண்ட்ஸர் ஜாஸ் அண்ட் புளூஸ் விழாவில் ஃப்ளீட்வுட் மேக் முதன்முதலாக மேடையேறியபோது பாஸ் வாசித்தவர், பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த பாப் பிரன்னிங். ‘மெக்வீ வந்ததும் நீ கிளம்ப வேண்டும்’ என்பதுதான் ஏற்பாடு. அப்படியே நடந்தது. மேயால் தன் குழுவில் ஊதுகருவிகளைச் சேர்த்து ஜாஸ் பக்கம் சாயத் தொடங்கியதும் மெக்வீக்கு மனம் கசந்தது. சில வாரங்களில் வந்து சேர்ந்துவிட்டார். வந்தவர் பிறகு போகவே இல்லை.

சரி, எதற்காக அப்படி ஒரு பெயர்? என்றாவது ஒருநாள் தான் கிளம்பிப் போனாலும் இவர்கள் இருவருக்கும் ஒரு குழு மிச்சம் இருக்கட்டும் என்று கிரீன் நினைத்தாராம். பிற்காலத்தில் மிக் ஃப்ளீட்வுட் சொன்ன விளக்கம் இது. அந்தப் பெயர் எத்தனை பேரைக் காப்பாற்றியது, எத்தனை பேரை நீதிமன்றத்துக்கு இழுத்தது என்பதையெல்லாம் கேட்டால் தலை சுற்றும்!

முதலில் அந்த மேயால். பிரிட்டிஷ் புளூஸ் உலகத்துக்கே அவர்தான் குருகுலம் நடத்தியவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வயல்வெளிகளிலும் தெருமுனைகளிலும் பிறந்த இசையை இசைத்தட்டுகளில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட ஆங்கிலேயப் பையன்கள் அவரிடம் வருவார்கள், தேர்ச்சி பெறுவார்கள், பறந்துவிடுவார்கள். பள்ளிப் பருவத்தில் வீட்டுத் தோட்டத்து மரத்தின் மேல் தனக்கென்று ஒரு குடில் கட்டி வாழ்ந்தவர் அவர் என்பது தெரியுமா? மெக்வீயோ இசையிலிருந்து வந்தவர் அல்ல. வருமான வரி ஆய்வாளராகப் பயிற்சியில் இருந்தவர்! புளூஸ் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்து நின்ற அந்த இளைஞரிடம், மேயால் சில இசைத்தட்டுகளைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். பாடம் அவ்வளவுதான்.

1966-ல் அதே குழுவிலிருந்து எரிக் கிளாப்டன் விலகினார். லண்டன் சுவர்களில் ‘கிளாப்டன் கடவுள்’ என்று ரசிகர்கள் கிறுக்கிவைத்த காலம். அடுத்த பதிவுக்காக ஸ்டூடியோவில் காத்திருந்த தயாரிப்பாளர் மைக் வெர்னன், உள்ளே வந்த ஒலிப்பெருக்கியைப் பார்த்துத் திகைத்தார். அது கிளாப்டனுடையது இல்லையே! கவலைப்படாதே, இதோ புதிய ஆள், போகப்போக அவனைவிட நன்றாக வாசிப்பான் என்று மேயால் தைரியம் சொன்னார். அந்தப் புதிய ஆள்தான் நம் கிரீன். கடவுள் காலிசெய்த இடத்தில் வந்து உட்காருவது சாதாரண விஷயமா? உட்கார்ந்தார். அமெரிக்க புளூஸ் மேதை பி.பி.கிங்கே இந்த வெள்ளைக்காரப் பையனின் கிடார் ஓசையைக் கேட்டுத் தனக்குக் குளிர்ந்த வியர்வை வந்ததாகச் சொன்னார். இதற்குமேல் ஒரு சான்றிதழ் உண்டா?

‘பிளாக் மேஜிக் வுமன்’ என்ற பாட்டைக் கேட்டிருப்பீர்கள். கார்லோஸ் சந்தானாவின் பாட்டு என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! எழுதியவர் பீட்டர் கிரீன். 1968-ல் ஃப்ளீட்வுட் மேக் வெளியிட்டபோது பிரிட்டிஷ் தரவரிசையில் 37-ம் இடத்தோடு அது மூச்சுவாங்கி நின்றுவிட்டது. இரண்டு வருடம் கழித்து சந்தானா வாசித்தார், அமெரிக்காவில் 4-ம் இடம்! பாட்டு ஒருவருடையது, பேர் இன்னொருவருக்கு. ‘கிரீன் மனலிஷி’யும் இப்படித்தான். ஹெவி மெட்டல் ரசிகர்களிடம் கேட்டால் அது ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டு என்று சத்தியம் செய்வார்கள்.

பிரிட்டனில் இந்தக் குழுவின் எந்தத் தனிப்பாடல் முதலிடம் பிடித்தது தெரியுமா? உலகமே கொண்டாடும் பிற்கால அமெரிக்கப் பாடல்களில் ஒன்றுகூட இல்லை. ஒரு வரி, ஒரு சொல்கூட இல்லாத ‘ஆல்பட்ராஸ்’ என்ற வாத்திய இசைதான், 1969 ஜனவரியில்! அன்று முதல் இன்றுவரை பிரிட்டனில் அவர்களின் தனிப்பாடல்களுக்குக் கிடைத்த ஒரே முதலிடம் அதுதான். குச்சிகளை வைத்துவிட்டு, நுனியில் பஞ்சு சுற்றிய கோல்களால் மிக் டிரம்ஸை வருட, மெக்வீயின் பாஸ் அலைபோல் ஏறி இறங்க, மேலே கிரீனும் பதினெட்டு வயது டேனி கிர்வனும் கிடாரில் மிதப்பார்கள். இதைக் கேட்டு மயங்கி அதே சாயலில் ஒரு பாட்டைச் செய்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பீட்டில்ஸ்! ‘ஆபி ரோடு’ ஆல்பத்தில் வரும் ‘சன் கிங்’ அப்படிப் பிறந்ததுதான் என்று ஜார்ஜ் ஹாரிசனே சொல்லியிருக்கிறார்.

‘ஆல்பட்ராஸ்’ மேலே ஏறிக்கொண்டிருந்த அதே மாதத்தில் குழு எங்கே இருந்தது? சிகாகோவில், செஸ் ஸ்டூடியோவில்! மடி வாட்டர்ஸும் ஹௌலின் வுல்ஃபும் பாடிப் பதிந்த கோயில் அது. யாருடைய இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு வாசிக்கக் கற்றார்களோ அதே வில்லி டிக்ஸன், ஓடிஸ் ஸ்பான், பட்டி கை, ஷேக்கி ஹார்ட்டன் எல்லாரும் பக்கத்தில் உட்கார்ந்து கூட வாசித்தார்கள். லண்டன் பையன்களுக்குக் கைகால் நடுங்கியிருக்காதா? பதிவைக் கேட்டால் நடுக்கம் தெரியவில்லை. என்னைக் கேட்டால், இவர்கள் கோடிகளில் விற்ற ஆல்பங்களைவிட இந்த அரட்டைப் பதிவுக்குத்தான் என் ஓட்டு.

இனிதான் விபரீதம். மூன்று கிடார்காரர்கள் இருந்த குழு அது. மூவரும் எப்படிப் போனார்கள் தெரியுமா?

முதலில் கிரீன். பணமும் புகழும் சேரச் சேர அவருக்கு மனம் கனத்தது. நீண்ட அங்கியும் கழுத்தில் சிலுவையுமாக மேடையேறினார். சம்பாதிப்பதையெல்லாம் தானம் செய்துவிடலாம் என்று மற்றவர்களிடம் மன்றாடினார். ஒரு கனவில் செத்துப்போன பச்சை நாய் ஒன்று வந்து குரைத்ததாம். அந்தப் பச்சை வேறெதுவும் இல்லை, பணம்தான் என்று முடிவுகட்டி எழுதிய பாட்டுதான் ‘கிரீன் மனலிஷி’. 1970-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு கூட்டத்தோடு போய் எல்.எஸ்.டி. போதைமருந்தை எடுத்துக்கொண்டது நிலைமையை மோசமாக்கியது. மே மாதம் குழுவைவிட்டே போய்விட்டார். பிறகு கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் வேலைகூடப் பார்த்தார். 1977-ல் தன் கணக்காளரைத் துப்பாக்கி காட்டி மிரட்டியதாகக் கைதானார். பணம் தரவில்லை என்றா? பாட்டுக்கான ராயல்டியை ஏன் அனுப்புகிறாய் என்று! கதை அப்படித்தான் சொல்லப்படுகிறது. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அவருக்கு ஸ்கிட்ஸோஃப்ரீனியா என்று மருத்துவர்கள் கண்டார்கள், சிகிச்சையிலேயே பல வருடங்கள் கழிந்தன. தொண்ணூறுகளில் மறுபடி கிடாரைக் கையில் எடுத்தார் என்பதுதான் ஆறுதல்.

அடுத்து ஜெரமி ஸ்பென்சர். புளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸ் மேல் பித்து முற்றிய ஸ்லைடு கிடார்காரர். மேடையில் அடித்த கொட்டத்துக்காக லண்டன் மார்க்கீ கிளப்பே குழுவுக்குத் தடை போட்டது. 1971 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுப்பயணம். லாஸ் ஏஞ்சலிஸைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. அங்கே போகவே ஸ்பென்சருக்குப் பயம். விடுதியில் இறங்கியவர், புத்தகக் கடைவரை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வரவில்லை! அன்றிரவுக் கச்சேரி ரத்து. போலீஸ் தேடியது, வானொலியில் அறிவிப்பு போனது. நாலைந்து நாள் கழித்து ‘சில்ட்ரன் ஆஃப் காட்’ என்ற மதக்குழுவின் இருப்பிடத்தில் கண்டுபிடித்தார்கள். முடியை வெட்டிக்கொண்டு, பெயரையும் மாற்றிக்கொண்டு, திரும்பி வரமாட்டேன் என்று நின்றார். சுற்றுப்பயணம் பாதியில் நிற்கிறது, யாரைக் கூப்பிடுவது? லண்டனுக்கு போன் போட்டு பீட்டர் கிரீனையே கெஞ்சினார்கள். அவரும் பறந்து வந்து மிச்சக் கச்சேரிகளை முடித்துக்கொடுத்தார்.

மூன்றாவது டேனி கிர்வன். 1972-ல் ஒரு கச்சேரிக்குச் சற்றுமுன் உடைமாற்றும் அறையில் வெறிகொண்டு தன் கிடாரை உடைத்தார். மேடையேற மறுத்தார். அதோடு விட்டாரா? அரங்கத்தில் ஒலிக்கலவைக்காரர் பக்கத்தில் நின்று மற்றவர்கள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, முடிந்ததும் வந்து குறையும் சொன்னார்! வேலை போயிற்று. பிற்காலத்தில் லண்டனில் வீடற்றோர் விடுதிகளில் நாள் கழித்தார். 2018-ல் இறந்தார். ‘ஆல்பட்ராஸ்’ஸில் வருகிற அந்த இரண்டாவது கிடார், அவருடையது.

இத்தனைக்கும் நடுவில் குழுவைத் தாங்கிப் பிடித்த ஒரு பெண் உண்டு. கிறிஸ்டின் பெர்ஃபெக்ட் என்பது இயற்பெயர், பட்டப்பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். சிற்பக்கலை படித்துவிட்டு, லண்டனில் ஒரு பெரிய கடையின் கண்ணாடி மாடங்களை அலங்கரிக்கும் வேலை பார்த்தவர். ‘சிக்கன் ஷாக்’ என்ற இன்னொரு புளூஸ் குழுவில் பாடியே ‘மெலடி மேக்கர்’ பத்திரிகை வாசகர்களால் சிறந்த பாடகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1968-ல் ஜான் மெக்வீயை மணந்து கிறிஸ்டின் மெக்வீ ஆனார். குழுவின் ‘கில்ன் ஹவுஸ்’ ஆல்பத்தின் அட்டைப்படத்தை வரைந்ததும் அவரே. கிரீன் போன வெற்றிடத்தில் 1970-ல் முழுநேரமாகச் சேர்ந்தார்.

உண்மைக் குழு இங்கிலாந்தில் இருக்க, போலிக் குழு ஒன்று அதே பெயரில் அமெரிக்காவைச் சுற்றியது தெரியுமா? இதுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் கதை!

1973-ல் குழுவின் புதிய கிடார்காரர் பாப் வெஸ்டன், மிக்கின் மனைவி ஜென்னியோடு நெருங்கிவிட்டார். (அந்த ஜென்னி பாய்டு, 1968-ல் பீட்டில்ஸோடு ரிஷிகேஷ் ஆசிரமத்துக்கு வந்து தங்கியவர்! மிக் அவரை ஒருமுறை அல்ல, இரண்டு முறை மணந்து இரண்டு முறையும் விவாகரத்து செய்தார்.) விஷயம் வெளியானதும் வெஸ்டனுக்குக் கல்தா, நடந்துகொண்டிருந்த அமெரிக்கச் சுற்றுப்பயணமும் ரத்து. மேனேஜர் கிளிஃபோர்ட் டேவிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. குழுவின் பெயர் எனக்குத்தான் சொந்தம் என்றார். பழைய ஆட்கள் ஒருவர்கூட இல்லாத ஒரு குழுவைச் சேர்த்தார். 1974 ஜனவரியில் ‘ஃப்ளீட்வுட் மேக்’ என்ற பலகையோடு அமெரிக்காவுக்கு அனுப்பியே விட்டார்! டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மேடையைப் பார்க்கிறார்கள். ஃப்ளீட்வுட்டும் இல்லை, மேக்கும் இல்லை. கூச்சல், குழப்பம், பயணம் பாதியில் படுத்தது, வழக்கு நீதிமன்றம் போனது.

அந்தப் போலிக் குழுவினர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்களே! மிக் பிறகு வந்து சேர்ந்துகொள்வார் என்று நம்பித்தான் போனோம் என்பது அவர்கள் வாதம். மிக் மறுத்தார். அவர்கள் ‘ஸ்டிரெட்ச்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று மிக்கைக் கேட்கும் பாட்டொன்றை 1975-ல் வெளியிட்டார்கள். பிரிட்டனில் 16-ம் இடம்! ஏமாந்த கடுப்பிலும் ஒரு ஹிட்.

வழக்கைப் பக்கத்திலிருந்து நடத்த வேண்டும் என்று, கலிஃபோர்னியாக்காரரான கிடார் கலைஞர் பாப் வெல்ச் எல்லாரையும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இழுத்துப்போனார். போலிக் குழு கிளப்பிய புழுதியால்தான் நிஜக் குழு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே மளிகை வாங்கப் போன இடத்தில் மிக் ஒரு தெரிந்தவரைச் சந்திக்கிறார். ‘சவுண்டு சிட்டி’ ஸ்டூடியோ நன்றாயிருக்கும் என்கிறார் அவர். போய்ப் பார்க்கிறார் மிக். ஸ்டூடியோவின் தரத்தைக் காட்ட, பொறியாளர் கீத் ஓல்சன் ஒரு பாட்டைப் போடுகிறார். மிக் மயங்கியது ஸ்டூடியோவில் இல்லை, பாட்டில் வந்த கிடாரில்! வாசித்தவர் லிண்ட்சே பக்கிங்ஹாம். கூடப் பாடியவர் அவருடைய காதலி ஸ்டீவி நிக்ஸ். அப்போது உணவகத்தில் பரிமாறியும் ஓல்சனின் வீட்டைச் சுத்தம் செய்தும் பிழைத்துக்கொண்டிருந்தவர். சில வாரங்களில் பாப் வெல்ச் விலக, பக்கிங்ஹாமுக்கு அழைப்பு போனது. வந்தால் இரண்டு பேரும் வருவோம், இல்லையென்றால் யாரும் இல்லை என்றார் அவர். கிடார்காரர் ஒருவரைக் கேட்டுப் போன குழுவுக்கு ஸ்டீவி நிக்ஸ் இனாமாகக் கிடைத்த கதை இது!

பிறகு வந்த ‘ரூமர்ஸ்’ பற்றி எல்லாருக்கும் தெரியும். 1977 பிப்ரவரி, அமெரிக்காவில் மொத்தம் 31 வாரம் முதலிடம், 4 கோடிக்கும் மேல் விற்பனை, கிராமி விருது. மெக்வீ தம்பதி பிரிந்தார்கள், பக்கிங்ஹாமும் நிக்ஸும் பிரிந்தார்கள், மிக்கின் மணவாழ்வும் முறிந்தது, ஒருவர்மேல் ஒருவர் பாட்டெழுதி ஒரே மைக் முன் நின்று பாடினார்கள் என்பதும் ஊரறிந்த செய்தி. தெரியாததைச் சொல்கிறேன். ஒளியமைப்பாளர்மேல் வந்த காதலைக் கிறிஸ்டின் பாட்டாக எழுதினார். பாஸ் வாசிக்க வேண்டியவரோ பிரிந்த கணவர்! யாரைப் பற்றிய பாட்டு என்று அவர் கேட்டபோது, என் நாயைப் பற்றியது என்று சமாளித்தாராம். திரும்பத் திரும்ப ஓட்டியதில் மூல ஒலிநாடாவே தேய்ந்து ஓசை மங்கத் தொடங்கியதும், பத்திரமாக வைத்திருந்த பிரதிக்கு எல்லாவற்றையும் ஏற்றிக் காப்பாற்றியதும் இன்னொரு கதை. ‘தி செயின்’ பாட்டோ வெவ்வேறு துண்டுகளைப் பிளேடால் வெட்டி ஒட்டியது. அதில் திடீரென்று தனித்து உறுமும் மெக்வீயின் பாஸ் இருக்கிறதே, பி.பி.சி. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய ஒளிபரப்புக்குப் பல வருடங்கள் அடையாள இசையாக இருந்தது அதுதான்!

‘ரூமர்ஸ்’ அட்டைப்படத்தில் மிக்கின் இடுப்பிலிருந்து இரண்டு மர உருண்டைகள் தொங்கும், பார்த்திருக்கிறீர்களா? அவை கழிப்பறைத் தொட்டியின் சங்கிலிக் குமிழ்கள்! ஆரம்ப காலத்தில் வாசித்த ஒரு மதுக்கடையின் கழிப்பறையிலிருந்து சுட்டுக்கொண்டு வந்து ராசிப் பொருளாக மாட்டிக்கொண்டது. மெக்வீயின் ராசி வேறு. பெங்குவின்! லண்டன் மிருகக்காட்சி சாலையில் மணிக்கணக்காக அவற்றைப் படம் பிடிப்பார். குழுவின் சின்னமே பெங்குவின் ஆகிவிட்டது.

அடுத்த ஆல்பம் ‘டஸ்க்’, 1979. பதிவுச் செலவு மட்டும் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பேஸ்பால் மைதானத்தில் கல்லூரி அணிவகுப்பு வாத்தியக்குழுவை நிறுத்திப் படமும் எடுத்தார்கள். மெக்வீ தாஹித்தித் தீவுக்குப் போயிருந்தார். விடுவார்களா? அவருடைய ஆளுயர அட்டை உருவத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்! அதே ஆல்பத்தின் ‘பிரவுன் ஐஸ்’ பாட்டின் கடைசியில் மெல்ல ஒரு கிடார் கேட்கும். பெயர் போடவில்லை. பீட்டர் கிரீன்!

இவ்வளவு சம்பாதித்த மிக் 1984-ல் திவாலானார் என்பது தெரியுமா? பேச்சுவார்த்தை அற்றுப்போன ஐவரையும் மறுபடி ஒரே மேடையில் ஏற்றியவர் ஓர் அதிபர் என்பது? தேர்தல் பிரசாரத்துக்கு ‘டோன்ட் ஸ்டாப்’ பாட்டை எடுத்துக்கொண்ட பில் கிளிண்டன், 1993-ல் பதவியேற்பு விருந்துக்கு அழைத்தார், வந்தார்கள். விமானப் பயம் பிடித்த கிறிஸ்டின் 1998-ல் விலகிக் கென்ட் கிராமமொன்றில் அடைந்துகொண்டதும், 2014-ல் பயத்தை வென்று திரும்பியதும் தனிக் கதை. 2022-ல் அவர் மறைந்தார்.

1998-ல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் குழுவைச் சேர்த்துக்கொண்டது. அதே இரவில் சந்தானாவும் சேர்க்கப்பட்டார். பீட்டர் கிரீன் வந்தார், மேடையும் ஏறினார். யாரோடு? தன் குழுவோடு இல்லை, சந்தானாவோடு, ‘பிளாக் மேஜிக் வுமன்’ வாசிக்க! ஓடிப்போன, நீக்கப்பட்ட அந்த மூன்று கிடார்காரர்களின் பெயரும் பட்டியலில் இருந்தது. குழுவை அமெரிக்காவுக்கு அழைத்துவந்து காப்பாற்றிய பாப் வெல்ச்சின் பெயரோ இல்லை. இதைப் போன்ற அநியாயம் வேறில்லை என்பேன்.

கிரீனின் கிடார் என்ன ஆயிற்று? 1959-ம் வருட கிப்ஸன் லெஸ் பால் அது. அதன் ஒலிவாங்கிகளில் ஒன்றின் காந்தம் தலைகீழாகத் திரும்பியிருந்தது. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் ஒன்றின் அலையை இன்னொன்று அரித்து, மூக்கால் அழுவதுபோன்ற மெல்லிய தொனி வரும். கோளாறுதான், ஆனால் எவ்வளவு அழகான கோளாறு! குழுவைவிட்டபின் அதை இளைஞர் கேரி மூருக்கு நூற்றுச்சொச்சம் பவுண்டுக்குத் தள்ளிவிட்டார் கிரீன். உன் கிடாரை விற்று வருவதைக் கொடு போதும் என்றாராம். இன்று அது மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாம்மெட் கையில். 2020 பிப்ரவரியில் லண்டன் பலேடியத்தில் மிக் நடத்திய பீட்டர் கிரீன் பாராட்டுக் கச்சேரியில் அந்தக் கிடாரும் மேடையேறியது. ஜூலையில் கிரீன் காலமானார்.

அதே வருடம் செப்டம்பரில், அமெரிக்காவில் ஒருவர் ஸ்கேட்போர்டில் வழுக்கிக்கொண்டே பழச்சாறு குடித்தபடி, ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தின் பழைய ‘ட்ரீம்ஸ்’ பாட்டுக்கு வாயசைத்துக் குட்டி வீடியோ ஒன்றைப் போட்டார். உலகமே பார்த்தது. 43 வருடம் கழித்து ‘ரூமர்ஸ்’ அமெரிக்காவின் முதல் பத்து இடங்களுக்குள் மறுபடி ஏறியது! அதைப் பார்த்துவிட்டு 73 வயது மிக் ஃப்ளீட்வுட் என்ன செய்தார் தெரியுமா? டிக்டாக்கில் கணக்குத் தொடங்கி, தானும் ஒரு ஸ்கேட்போர்டில் ஏறி, அதே பழச்சாற்றைக் குடித்து, அதே வீடியோவை எடுத்துப் போட்டார்!